எட்டு நாள் குளிர்

ஸ்வெட்டர் கடை மாமனாருக்கு அன்று தலைகால் புரியவில்லை. பூகோள வாத்தியாரான மாப்பிள்ளை உள்ளே வந்து குடையை மடக்குவதற்குள் நோட்டை நீட்டிவிட்டார்.

"உலகம் சூடாகுதுன்னு பாடம் எடுக்கறீங்களே மாப்பிள்ளை, இதைப் பாருங்க. எட்டு நாளா நம்ம சுவர்ல மாட்டியிருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதியிருக்கேன். முதல் நாள் முப்பத்தொண்ணு. இன்னைக்கு இருபத்திரண்டு."

மாப்பிள்ளை ஃபேனுக்கடியில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு நாள் கணக்கை வச்சு உலகத்தைச் சொல்ல முடியாது மாமா. முப்பது வருஷமாவது பாக்கணும்."

"அதுவரைக்கும் நான் கடையை மூடிட்டு உக்காரவா? இந்த வாரம் மட்டும் பதினாலு ஸ்வெட்டர் போயிருக்கு. ஐந்நூறுக்கு ஆர்டர் போடப்போறேன்."

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், ஸ்வெட்டர் போட்ட ஒருவர் உள்ளே வந்தார்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வேணும். எங்க ஆளுங்க பதினாலு பேரும் உங்ககிட்டதான் வாங்கினாங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்க ஐஸ்கிரீம் குளிர் அறை. திறந்து எட்டு நாள்தான் ஆகுது. அடிக்கிற வெயிலுக்கு வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. நாளையிலேர்ந்து குளிரை இன்னும் கூட்டப்போறாங்க."

மாப்பிள்ளை தெர்மாமீட்டர் மாட்டியிருந்த சுவரை மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

மாமனார் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை? நாளைக்கு இன்னும் குறையுமாம்."