மேல்வீட்டுச் செல்லோ

தொற்றுக் காலத்தில் கோபே நகரத்து இசையரங்குகள் மூடப்பட்டதும் மிஸுஹோ தன் செல்லோ வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கேட்க ஆளில்லாமல் யாருக்காக வாசிப்பது? வசந்தம் முழுக்க அதைத் தொடவில்லை.

ஒருநாள் குப்பை போடும் இடத்தில் கீழ்வீட்டு கஜிதானி அம்மா முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

"மிஸுஹோ சான், நீங்க தினம் சாயந்திரம் வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டேதான் மிசோ சூப் வைக்கிறேன். நடுவுல தடுக்கிக்கிட்டே இருந்த இடம் நேத்து சரியா வந்திருச்சே!"

"நான் வாசிக்கவே இல்லையே..."

"அடடா, என்ன ஒரு அடக்கம்!"

மிஸுஹோ குழம்பிப்போய் மாடியேறினாள். ஆனாலும் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்பதே போதுமாயிருந்தது. பெட்டியைத் திறந்து, சுருதி சேர்த்து, விரல் நோகும்வரை வாசித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.

மறுநாள் கஜிதானி அம்மா கேட்டாள். "நேத்து உடம்பு சரியில்லையா? சத்தமே வரலையே."

மிஸுஹோ செல்லோவைக் கீழே தூக்கி வந்தாள். கஜிதானி அம்மாவின் வாசலிலேயே உட்கார்ந்து நரம்புகளில் வில்லை இழுத்தாள். மரத்தின் அதிர்வு நெஞ்சில் இறங்கியது. ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

கஜிதானி அம்மா கைகளை மடியில் கோத்தபடி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்... ஆரம்பிங்க, மிஸுஹோ சான்."