நூறு வீதம் ஆகும்வரை

“பேரெல்லாம் இதுலதான் காப்பி ஆகுதா?”

கதவை அடைத்துக்கொண்டு நின்றார் கணக்கப்பிள்ளை தயாபரன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி நெட்புக்கிலிருந்து நிமிரவில்லை.

திரையில் நாற்பத்திரண்டு வீதம் காட்டியது. லினக்ஸ் ஏற்றிய பென் ட்ரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்தே நெட்புக்கை இயக்கியிருந்தாள். அந்தப் பென் ட்ரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

தேயிலை மலையில் தயாபரன் கைவைத்த பதினேழு பெண்கள் சொன்னதைப் பெயரோடு நெட்புக்கில் எழுதியிருந்தாள் அவள். சொன்னவர்களின் பெயர் அவருக்குத் தெரிந்தால் பதினேழு பேருக்கும் வேலை போய்விடும். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“பிள்ளைங்க மூக்கு தொடைக்கிறவளுக்கு லுணுகலையில கம்பியூட்டர் கிளாஸ் ஒரு கேடு! நெட்புக் தோட்டத்துச் சாமான். கொண்டா இங்க.”

“ஓடிக்கிட்டிருக்குங்க ஐயா.” விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனாள். “நிப்பாட்டவா?”

“தொட்டுப் பாரு, கைய முறிச்சிருவேன். அரைகுறையா எனக்கு வேணாம். முழுசா ஏறட்டும்.”

குழந்தைகளின் குட்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜீவராணி வகுப்புக் கொப்பியைத் திறந்து, தான் அடித்த கட்டளையை வாய்க்குள் சொல்லியபடி நான்காவது தடவையாகச் சரிபார்த்தாள். எதிலிருந்து எதற்கு ஏறுகிறது என்பது மாறினால் எல்லாம் போய்விடும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

“என்னடி முணுமுணுக்கிற? மந்திரமா?”

தன் குழந்தையைத் தூக்க வந்த பெரியாயி, அவரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினேழில் அவளும் ஒருத்தி.

“வா வா, நீயும் இருக்கியா இதுல? நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுல ஒவ்வொருத்தியா பேர் சொல்லிக் கூப்பிடுறேன். அப்பறம் எவளுக்கு வேலைன்னு பாப்போம்.”

எண்பது வீதம் ஏறியிருந்தபோது பேட்டரி தீரப்போவதாகத் திரை எச்சரித்தது. தயாபரன் பதறி எழுந்து, தானே சார்ஜரைத் தேடியெடுத்துச் செருகினார்.

நூறு வீதம். நெட்புக்கையும் பென் ட்ரைவையும் அள்ளிக்கொண்டு, ஒரு கதிரையை எட்டி உதைத்துவிட்டுப் போனார். இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன.

பெரியாயி ஜீவராணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எங்க பேர அவன் கையிலயே குடுத்திட்டியேடி, பாவி!”

“குடுக்கலக்கா. நீங்க சொன்னதெல்லாம் வேற பென் ட்ரைவுல காலையிலேயே பதுளை லேபர் ஒபிசுக்குப் போயிருச்சு. இப்ப, உங்க பேரே இல்லாத பென் ட்ரைவத்தான் நெட்புக்குல இருந்ததுக்கு மேலயே ஏத்தினேன்.”

ஜீவராணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“பேரெல்லாம் அழிஞ்சி முடியிற வரைக்கும் அவருதான் காவல் இருந்தாரு.”