பெரிய பெட்டியில் ஒரு புள்ளி

"இன்னைக்கும் புள்ளி வெச்சிருக்காங்கய்யா!"

ஏட்டையா பர்கர் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். மூடியின் ஓரத்தில் பேனாவால் வைத்த சின்னக் கறுப்புப் புள்ளி. அந்த ஸ்டேஷனில் பெரிய பர்கர் சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். பெரிய பெட்டி என்றால் அது அவருடையது.

"என் பெட்டியில இல்லையே?" என்றார் கான்ஸ்டபிள்.

"அதான் சொல்றேன். பத்து நாளா எனக்கு மட்டும்."

"பெரிய ஆள்னு மரியாதையா இருக்கும் ஏட்டையா."

"வெளையாடாதய்யா. அந்த வீடியோவைப் பார்த்தியா இல்லையா?"

பார்க்காதவர் யார்? ஏதோ ஒரு கடையில், முகமூடி போட்ட ஒருவன் போலீஸுக்குப் போகிற பர்கரைத் திறந்து, எதையோ ஊற்றி மூடுகிறான். எந்த ஊர், எந்தக் கடை, நிஜமா பொய்யா, ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வாரமாக எந்தப் போலீஸ்காரருக்கும் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

ஏட்டையா லத்தி நுனியால் மூடியை நெம்பினார். கான்ஸ்டபிளின் பர்கரில் சிவப்பு சாஸ் வழிந்தது. அவருடையது வெளிறிக் கிடந்தது.

"பத்து நாளா ருசியும் சப்புன்னுதான் இருக்கு. என்னத்தைப் போட்டாங்களோ..."

சொல்லும்போதே வீட்டு நினைப்பு வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், இன்னும் ஒருத்திக்குக்கூட படிப்பு முடியவில்லை. டிராயரை இழுத்து வயிற்றெரிச்சல் மாத்திரையைத் தேடினார். பத்து நாளைக்கு முன் வாங்கிய அட்டை பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

மாத்திரையை விட்டார். லத்தியை எடுத்தார்.

பர்கர் கடை தெருக்கோடியில்தான். கான்ஸ்டபிள் பின்தொடர, லத்தியும் பெட்டியுமாக அவர் உள்ளே நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கடித்ததை மெல்லாமல் நிறுத்தினார்கள். பெட்டியைக் கல்லாவில் வைத்து, "இதுல என்னத்தைக் கலந்தீங்க?" என்றார். வாசலில் கூட்டம் சேர்ந்தது. செல்போன்கள் உயர்ந்தன.

"போலீஸுக்கே இந்தக் கதின்னா நம்ம கதி என்ன?" என்றது ஒரு குரல்.

"அந்த ஆளுக்கு நல்லா வேணும்" என்றது கூட்டத்துக்குள் பதுங்கிய இன்னொரு குரல்.

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. யார் என்று கேட்பதற்கு முன்னால் ஆளைக் காட்டிக் கொடுத்தார்.

"இவதான் சார் பெட்டி போடறவ. எனக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

அடுப்பங்கரையிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண் வந்தாள். அவளைப் பார்த்ததும் ஏட்டையாவின் முகம் மாறியது. போன மாதம் ஸ்டேஷன் வாசலில் விடிய விடிய நின்றவள். உள்ளே அவள் தம்பி. தெருச் சண்டையில் பிடிபட்டவன். அவன் கைவிரல் உடைந்தது இவர் லத்தியால்தான்.

கான்ஸ்டபிள் அவர் காதருகே குனிந்தார். ஆனால் குரல் மேனேஜர் வரைக்கும் கேட்டது.

"ஏட்டையா, இவ தம்பி ஜாமீன்ல வந்து பத்து நாள் ஆச்சு. உங்க பெட்டியில புள்ளி விழுந்தும் பத்து நாள். கணக்கு கரெக்டா வருதே!"

ஏட்டையா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பத்து நாளாகத் தின்றது முழுக்க உள்ளே இருக்கிறது.

"தம்பி மேல கேஸ் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வேலைக்கே சேர்த்திருக்க மாட்டேன் சார்" என்றார் மேனேஜர். "ஏம்மா, ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு!"

"ஐயோ சார், இந்த வேலையை விட்டா எங்களுக்கு வேற வழியில்ல சார்..."

"அதெல்லாம் இருக்கட்டும். என்ன கலந்தே?" ஏட்டையாவின் குரல் அதட்டலாகத் தொடங்கி நடுக்கத்தில் முடிந்தது.

"சத்தியமா ஒண்ணும் கலக்கல சார்."

"அப்போ இதை நீயே தின்னு!"

அவள் பர்கரை எடுத்தாள். ஒரு கடி. மென்றாள், விழுங்கினாள். இன்னொரு கடி. முழுசையும் தின்று முடித்துத் தண்ணீர் குடித்தாள். செல்போன் பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"சரி, புள்ளி எதுக்கு?" என்றார் ஏட்டையா.

"எல்லார் முன்னாடியும் வேணாம் சார். உள்ள வாங்க, சொல்றேன்."

அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உங்களுது மட்டும் மிளகாய்ப் பொடி, காரச் சாஸ் எதுவும் போடாம தனியா செய்யறேன் சார். வேற பெரிய பெட்டியோட மாறிடக் கூடாதுன்னு புள்ளி வைப்பேன்."

ஏட்டையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது.

"என் வயித்துப் புண்ணு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன் வாசல்லேர்ந்து பார்த்தேன் சார். சாப்பிட்ட பெரிய பெட்டியைத் தள்ளிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாத்திரை தேடினீங்க. கிடைக்கல. அப்புறந்தான் லத்தியை எடுத்தீங்க."

அவர் கையிலிருந்த லத்தியை மெல்லக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பயப்படாதே. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது." கதவு வரை போனவர் திரும்பினார். "ஆனாலும்... உன் தம்பியை அடிச்சவன் மேல இவ்வளவு அக்கறையாம்மா உனக்கு?"

அவள் தலை நிமிரவே இல்லை.

"தெனமும் சாயங்காலம் அவன் உங்க முன்னாடிதானே சார் வந்து கையெழுத்துப் போடணும்."