கறவைக் கை

முதுகு முன்பக்கம் மடங்கிப்போன இந்த ஆறு வருடத்தில் தெய்வாத்தாளுக்கு மனிதர்கள் என்றால் கால்கள்தான். இந்த டாக்டர் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. முதுகை நிமிர்த்தும் ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று பார்க்க, அவர் கைவலுவை முள் நகர்த்திக் காட்டும் ஓர் இரும்புப் பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் முதலில் சேர, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக இதமாக மூடின.

"முள்ளு அசையவே இல்லியேம்மா. உடம்பு ரொம்ப பலவீனமா இருக்கு. ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிடறேன்."

"எழுதாதீங்க." நாற்பது வருடம் எருமை கறந்த கை. காம்பு நோகாமல் பிடித்தே பழகியது. "இதுக்கு வலிக்காதுன்னு முன்னாலயே சொல்லோணுமுங்க. கொண்டாங்க இப்படி."

வாங்கியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டறுத்து ஓடும் எருமையின் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். முள் டாக்டர் பக்கம் இருந்தது. அது எங்கே போய் நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. பழுப்பு ஷூ இரண்டும் ஓரடி பின்னால் போனது மட்டும் தெரிந்தது.

"இது பீச்சாங்கைதானுங்க" என்றாள். "சோத்தாங்கை இன்னும் இருக்குது."