பக்கவாட்டு ஆட்டம்

கார் இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவின் வாயில் பூட்டியிருந்த காற்றுக் குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெக்கானிக் இரண்டு விரல்களை உள்ளே விட்டார்.

எதிரில் ஒரு கணவன். சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், அவன் மனைவி. இரண்டு பேரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் குடிமுழுகிவிடும் போல.

டிக்கியில் இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போகிறவள் திரும்பி வருவாள். தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள்?

இவர்கள் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டவர் மெக்கானிக்.

"போறேன்னா. போன்னுட்டேன்." காலையில் போனில் கணவன் சொன்னது அவ்வளவுதான். கிளம்பிய கார் தெருமுனையைத் தாண்டவில்லை, பின்னால் குபுகுபுவென்று நீலப் புகை. புகை என்றால் டர்போதான் என்று அவனாகவே முடிவுகட்டி, அவள் ஓட்ட, இவன் பைக்கில் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

வந்த வேகத்தில், பானெட்டைத் திறக்கிறேன் பேர்வழி என்று டீசல் மூடியைத் திறந்துவைத்தான். அவள்தான் எழுந்து வந்து, பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனாள். அப்புறம் அவன் யாரும் கேட்காமலே டிக்கியைக் காட்டி, மெஷின் அடிபடாமலிருக்கத் தலையணை அண்டக்கொடுத்திருப்பதாகச் சொன்னான். என்ன மனுஷனோ!

மெக்கானிக் உள்ளிருந்த சக்கரத்தின் மூக்கைப் பிடித்துத் தள்ளினார், இழுத்தார். முன்னும் பின்னும் அசையவில்லை. அந்தத் திசையில் அசைந்திருந்தால் கதை முடிந்தது, டர்போவையே மாற்ற வேண்டியதுதான்.

டார்ச் அடித்துப் பார்த்தார். இறக்கைகளின் நுனி எங்கேயும் உரசவில்லை. சுண்டிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

பிறகு பக்கவாட்டில் ஆட்டினார். துளி ஆடியது. ஆடத்தான் செய்யும். இன்ஜின் நிற்கும்போது சக்கரம் மாட்டியிருக்கும் ஷாஃப்ட் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது ஆயில் வந்து சுற்றிலும் தாங்கிக்கொள்ளும், ஆட்டமும் அடங்கிவிடும். இது தெரியாமல் நல்ல டர்போவைக் கழற்றி எறிந்த புத்திசாலிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

ஆக, டர்போ கல்லு மாதிரி இருக்கிறது. பிறகு புகை எங்கிருந்து வந்தது?

ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது ஆயில். போன வாரம்தான் அவரே மாற்றி, அவரே கோடு பார்த்து அனுப்பினார். அதற்குமேல் யாரோ ஒரு டப்பாவையே கவிழ்த்திருக்கிறார்கள். மிஞ்சிய ஆயில் எரிந்துதான் அந்த நீலப் புகை.

"இன்னிக்கே சரியாயிடும்ல அண்ணே? அவ போகணும்." சொல்லும்போதே கணவனின் குரல் கம்மியது.

ஓஹோ, சேதி அப்படியா! வாயால் போ என்பது, கையால் ஆயிலை ஊற்றுவது. மெக்கானிக்குக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெண்டாட்டியை நிறுத்த ஒரு வார்த்தை போதாதா, அதற்கு ஒரு இன்ஜினையா பலி கொடுப்பது?

அவன் தோளில் கைபோட்டு ஓரங்கட்டினார். "ஏன் தம்பி, ஆயிலை நீயா ஊத்துன?"

"ஆயிலா? அதை எதுல ஊத்துறது?"

திருதிருவென்று விழித்தான். நடிக்கிற முகமில்லை அது. பானெட்டுக்கும் டீசல் மூடிக்கும் வித்தியாசம் தெரியாதவன், பாவம், ஆயிலுக்கு எங்கே போவான்.

மெக்கானிக் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அவள் துப்பட்டாவின் நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். விரலிடுக்கில் தெரிந்த கொஞ்சத்தில் தேன் நிறத்தில் ஒரு கறை. புது ஆயில். போன வாரம் மிஞ்சிய டப்பாவை அவள் கையில் கொடுத்து, குறைந்தால் ஊற்றிக்கொள்ளச் சொல்லி, எந்த மூடியைத் திருக வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் சாட்சாத் இவரேதான்.

"ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லண்ணா," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவசரப்படாம பாருங்க."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வீம்புக்குப் பெட்டி கட்டிவிட்டாள். போகவும் மனசில்லை, இருக்கிறேன் என்று சொல்ல வாயும் வரவில்லை.

கூடுதல் ஆயிலை இறக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தையல் மெஷின் அம்மா வீட்டுக்குப் போய்விடும். சொல்லாமல் மறைத்தால், தொழில்? நல்ல பொருளைக் கெட்டது என்று இந்தப் பட்டறையில் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் நாக்கு புரளவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே காருக்குத் திரும்பினார்.

"தம்பி, இங்க வா. நான் ஒண்ணும் சொல்லல. நீயே டர்போக்குள்ள விரலை விட்டு பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. ஆடுதா இல்லையான்னு மட்டும் சொல்லு."

கணவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயையோ, ஆடுதே! நல்லாவே ஆடுதுண்ணே! இதை வச்சிக்கிட்டு அவளை எப்படி அனுப்புறது?"

அவன் விரல் இன்னும் டர்போவின் வாயைக்கூடத் தொடவில்லை.