செலவழித்த கல்லும் மரமும்

ராசாத்தாள் பட்டனை அழுத்திவிட்டாள்.

மதில் சுவர் மளமளவென்று இறங்கியது. மாடி வீடுகளெல்லாம் குடிசைகளாயின. சோளக்காடு இருந்த இடத்தில் வெறும் மண் தெரிந்தது. அதற்கெல்லாம் செலவான கல்லும் மரமும் பொன்னும் திரும்பி வந்து கிடங்கில் நிரம்பின.

செத்துப்போன மகனின் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் அரிசிம்பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுப் போ கண்ணு, என்று மனசுக்குள் சொன்னாள்.

மிதுன் பீளமேட்டில் படித்தான். காலேஜ் விட்டு பைக்கில் வருகிறபோது லாரியில் அடிபட்டான். போன் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

அதில் ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. குளிக்கப் போகும்போது போனை அவள் கையில் திணித்துவிட்டு, சோளம் விளைந்ததும் விரலால் தடவி அறுத்துவிடச் சொல்வான். அந்த விளையாட்டில் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விதைக்கத் தெரியாது, கட்டத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, ஒருநாள் சும்மா திறந்து பார்த்தாள். சோளம் முற்றி நின்றது. அறுத்தாள்.

மறுநாள் திறந்தால் மறுபடியும் விளைந்து நின்றது. காட்டோரம் புதிதாக ஒரு வீடும் முளைத்திருந்தது.

அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் திறந்தாள். அவள் அறுப்பாள், யாரோ விதைத்திருப்பார்கள், யாரோ கட்டியிருப்பார்கள். யாரோ என்ன யாரோ, அவன்தான்.

கிணற்றை ஒருநாள் ஈசானி மூலைக்கு மாற்றியிருந்தான். ஆடி மாசம் முழுக்க ஒரு கல் ஏற்றவில்லை. ஆவணி பிறந்ததும் மதிலை உயர்த்தினான். இருந்த காலத்தில் நல்ல நாள், மூலை, திசை என்று பேச்செடுத்தாலே சிரிப்பான். போன இடத்தில் புத்தி வந்திருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புருஷனிடம் மூச்சு விடவில்லை. மிதுன் இருந்தவரைக்கும் தம்பிதுரை இந்த விளையாட்டைச் சொல்லித்தான் அவனைக் கரித்துக்கொட்டுவார். இப்போதும் அந்தப் போன் கண்ணில் பட்டால் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். பம்புக்கு உதிரி பாகம் கடைகிற பட்டறை. அந்த இரைச்சலில்தான் அவருக்கு மனசு ஆறுகிறதென்று விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மாசாணியம்மாளிடம் மட்டும்தான் சொன்னாள். கட்டிக்கொண்டே இருக்கிறான் என்றால் ஆசை தீரவில்லை என்று அர்த்தம், அது நல்லதில்லை அம்மணி, என்று அவள் கலவரமானாள்.

அதற்குப் பிறகு மதில் உயர உயர ராசாத்தாளுக்கு வயிறு எரிந்தது. செத்தும் பிள்ளை கல் சுமக்கிறானே.

இன்று காலையில் போனைத் திறந்தபோது ஏதோ அறிவிப்பு வந்து நின்றது. மாசாணியம்மாளின் மகள் வர்ஷினிதான் படித்து விளக்கினாள். விளையாடுகிறவர்கள் கம்பெனியோடு சண்டை போட்டார்களாம். அப்கிரேடுக்கு, அதாவது வீட்டையும் மதிலையும் உயர்த்தச் செலவழித்ததை வேண்டுகிறவர்களுக்கு முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். பட்டனை அழுத்தினால் போதும். கட்டியது மட்டும் போய்விடும்.

செலவழித்ததைத் திருப்பிக் கொடுக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று ராசாத்தாளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பெற்று வளர்த்து ஆளாக்கிய தனக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்?

அவனாவது வாங்கிக்கொள்ளட்டும். கை நிறைய வாங்கிக்கொண்டு, இந்த வேலையை விட்டுவிட்டு, நிம்மதியாகப் போய்ச் சேரட்டும். அப்படி நினைத்துத்தான் அழுத்தினாள். இனி வரமாட்டான் என்று தெரிந்தேதான் அழுத்தினாள்.

வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. போனை அவசரமாக அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

தம்பிதுரை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. தட்டு வைக்கப் போனவளை வேண்டாமென்று தடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். கண் சிவந்து கிடந்தது.

அவருடைய சட்டைப் பையிலிருந்து அந்த விளையாட்டின் பாட்டு சன்னமாகக் கேட்டது.

தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அதே ஊர். அதே குடிசைகள். அதே வெறும் மண்.

"பையன் கோவிச்சுட்டான் அம்மணி. நான் வெதைச்சு வெதைச்சு வெப்பேன், தெனமும் வந்து அறுத்துட்டுப் போவான். இன்னைக்கு நான் கட்டுனதையெல்லாம் இடிச்சுப்போட்டுப் போயிட்டான்."

மகனின் சிநேகிதன் யஷ்வந்தைக் கெஞ்சி, அந்த ஊரைத் தன் போனிலும் ஏற்றி வாங்கியிருந்தாராம். உயிரோடு இருந்தபோது திட்டினதற்கெல்லாம் சேர்த்து அவனுக்குக் கட்டிக் கொடுத்தாராம். பட்டறையில் டீ குடிக்கிற நேரமெல்லாம் அதுதானாம்.

ராசாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியென்றால் அவன் ஒருநாளும் வரவேயில்லை. ஒரு கல்லைக்கூட அவன் தொடவில்லை. மிதுன் மறுபடியும் செத்துப்போனான், இந்தத் தடவை அவளுக்கு மட்டும்.

அறுத்தது நான்தானுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் இன்னும் அந்த வெறும் மண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கோவமெல்லாம் இருக்காதுங்க. நீங்க ஒருவாய் உண்டுபோட்டு வெதைச்சு வைங்க, சாயங்காலம் அறுக்க வருவானுங்க."