ஆராய்ச்சிச் சோறு

கருத்தையாவின் விரல்நுனி ரத்தத்தைப் பரிசோதித்த ஐஸ்வர்யா, கருவியைத் தட்டி மறுபடியும் பார்த்தாள். இவருக்கும் சர்க்கரை எகிறியிருந்தது. கழுகுமலைப் பக்கத்து இந்தக் கிராமத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அப்படித்தான்.

குதிரைவாலிச் சோற்றின் நார்ச்சத்து, மாவுச்சத்தைச் சட்டென்று செரிக்க விடாது. சர்க்கரை மெல்லத்தான் ஏறும். ஊருக்கே குதிரைவாலி கொடுத்து இதை நிரூபிக்க வந்த ஆராய்ச்சி மாணவி அவள். நாளைக்குப் பேராசிரியர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. கடலைமிட்டாய் தின்னீங்களா?"

"கோயில்பட்டிப் பக்கமே போகலம்மா. நீங்க கொடுத்ததத் தவிர பச்சத்தண்ணிதான்."

எல்லா வீட்டுக்கும் தானியத்தைப் பிரித்துக் கொடுத்தவள் அவர் மனைவி உமாராணிதான். "மொதல்ல ஒருவாய் சாப்பிடுங்க மேடம்" என்று தட்டை வைத்தாள்.

மல்லிகைப்பூவாட்டம் வெள்ளைச் சோறு. ஐஸ்வர்யா துள்ளி எழுந்தாள். "மாட்டிக்கிட்டீங்களா! எல்லாரும் நெல்லுச்சோறுல்லா சாப்பிடுதீங்க?"

"ஆத்தாடி! இது நீங்க கொடுத்த குதிரைவாலிதான். தவிட்டோட பழுப்பா கெடந்துச்சு. அசந்துமறந்து அப்படியே கொடுத்துட்டீங்கன்னு, மொத்தத்தையும் நானே மில்லுக்குக் கொண்டுபோயி ரெண்டு தடவ தீட்டிட்டு வந்தேன். ஆராய்ச்சிக்குச் சாப்பிடுத சோறு, பாக்க லெச்சணமா இருக்க வேண்டாமா?"

"நார்ச்சத்தே தவிட்டுலதான இருக்கு! அந்தத் தவிடு எங்க?" என்றாள் ஐஸ்வர்யா.

உமாராணி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

ஐஸ்வர்யாவின் ஆராய்ச்சி மொத்தத்தையும் தின்றுவிட்டு, நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது எருமை.